தென்சரிவுப் புரட்சியும் வடிவின் நன்றியுரையும்

ஒரு காட்டில் ஓர் அரசாங்கம் இருந்தது. காட்டில் மரம் இருக்கும், மான் இருக்கும், அரசாங்கம் எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். எனக்கும் தெரியாது. நான் இந்தக் கதைக்குள் வரும்போதே அது உட்கார்ந்திருந்தது. வடக்கே மலைக்குகையில் ஒரு சிங்கம், அதைச் சுற்றி ஒரு செந்நாய்ப் படை, அவ்வளவுதான் அரசாங்கம். அந்த அவ்வளவுக்கே தென்சரிவுக்காரர்களுக்கு மூச்சு முட்டியது.

தென்சரிவு என்பது காட்டின் கீழ்ப்பாதி. அங்கே கட்டும் தேனில் முதல் அடை வடக்கே போகும். காய்க்கும் நெல்லியில் நல்ல காய் வடக்கே போகும். சிங்கத்துக்கு நெல்லிக்காய் எதற்கு? அதை மட்டும் கேட்கக் கூடாது. பதிலுக்கு வடக்கேயிருந்து வருஷம் தவறாமல் சிங்கத்தின் புதுப்படம் வரும். அதை அவரவர் வீட்டு வாசலில் மாட்டிக்கொள்ள வேண்டும். முயல் வளைக்கு வாசல் சின்னது, படம் பெரியது. படத்தை மாட்டிய அன்று உள்ளே இருந்த முயல்கள் உள்ளேயே இருந்தன, வெளியே இருந்தவை வெளியேயே இருந்தன. இதையெல்லாம் பொறுத்துக்கொண்டு காலம் போய்க்கொண்டிருந்தது.

அப்போதுதான் சிங்கத்துக்கு ஓர் ஆசை வந்தது. தன் முகத்தை முழுசாகப் பார்க்க வேண்டுமாம். இந்தக் காதிலிருந்து அந்தக் காது வரை, பிடரியோடு. அதற்குத் தோதான தண்ணீர் வடக்கே இல்லை. ஆகவே தென்சரிவுக்கு இறங்கும் ஒரே ஓடையை மலைமுகட்டிலேயே கல்லும் சேறும் வைத்து அடைத்து, தேங்கிய தண்ணீருக்குத் தேசியத் தடாகம் என்று பெயர் வைத்தார்கள். அடைப்பைச் செந்நாய்கள் முறைபோட்டுக் காவல் காத்தன. சிங்கம் காலையில் வரும். தண்ணீரில் தன் முகத்தைப் பார்க்கும். "நாடு நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போகும்.

கீழே தென்சரிவில் வடிவு என்று ஒரு நீர்நாய் இருந்தாள். புருஷன் வேறு ஆற்றைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று போனவன், போனவன்தான். கையில் இரண்டு குட்டிகள். இன்னும் ஒழுங்காக நீந்தக்கூடத் தெரியாது. ஓடை நின்றதும் அவள் குடியிருந்த மடு சுருங்கத் தொடங்கியது. கழுத்தளவு தண்ணீர் வயிற்றளவானது, வயிற்றளவு பாதத்தளவானது. மீன்கள் பக்கவாட்டில் படுத்துக்கொண்டு வாயை வாயைத் திறந்தன. வடிவு குட்டிகளைக் கவ்விக்கொண்டு ஒரு குட்டையிலிருந்து இன்னொரு குட்டைக்கு ஓடினாள். கடைசிக் குட்டையும் காய்ந்தால் பிள்ளைகள் பிழைக்காது.

நேரே யானை தவசியிடம் போனாள். தென்சரிவில் பெரியவர் என்றால் அவர்தான். உடம்பிலும் சரி, பேச்சிலும் சரி.

"அண்ணே, மேல ஒரு எட்டு வந்துட்டுப் போங்க. நீங்க ஒரு முட்டு முட்டினா அந்த அடைப்பு நிக்குமா? நாய்ங்க உங்களைப் பாத்தாலே ஒதுங்கிடும்."

தவசி காதை ஆட்டி ஆட்டி யோசித்தார். யோசிப்பதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை.

"இந்தா பாரு தங்கச்சி. தனியாப் போயி முட்டினா அதுக்குப் பேரு திருட்டு. கூட்டம் கூட்டி, தீர்மானம் போட்டு, அப்புறம் முட்டினா அதுக்குப் பேரு புரட்சி. நான் என்ன திருடனா?"

"பேரு எதுவா வேணாலும் இருக்கட்டும்ணே. சீக்கிரமா செய்யுங்க."

"புரட்சியில போயி சீக்கிரம்கிறியே!" என்று தவசி வருத்தப்பட்டார்.

கூட்டம் கூடியது. சும்மா சொல்லக் கூடாது, தென்சரிவே திரண்டு வந்தது. இத்தனை நாள் சிங்கத்தின் படத்துக்கு முன்னால் தும்மக்கூடப் பயந்தவர்கள் அன்று பேசிக் கிழித்துவிட்டார்கள். இனி தேன் கிடையாது, நெல்லிக்காய் கிடையாது, வடக்கோடு ஒட்டும் இல்லை உறவும் இல்லை, தென்சரிவு இனிமேல் தனிக்காடு என்று ஒரே குரலில் முடிவானது. எதிர்த்து ஒரு கை, ஒரு கால், ஒரு வால் எழவில்லை. வடிவுக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. அடுத்த நாள் காலையில் மாநாடு, மாநாடு முடிந்த கையோடு ஊர்வலமாகப் போய் அடைப்பை உடைப்பது என்று பேசிக்கொண்டார்கள்.

அந்த நேரம் பார்த்துக் காட்டெருமை மூக்கையா தொண்டையைக் கனைத்தார்.

"எல்லாம் சரிதான். மாநாட்டுக்குத் தலைமை யாரு?"

அட, அவர் அந்த வாயைத் திறக்காமல் இருந்திருக்கலாம்.

"இதுல கேக்குறதுக்கு என்ன இருக்கு?" என்றார் தவசி.

"அதான் நானும் சொல்றேன், என்ன இருக்கு? கிழக்குப் பக்கம் பூரா எங்க ஆளுங்க. நான் தலைமை தாங்கலைன்னா ஒருத்தன் வரமாட்டான்."

"அப்ப நான் எதுக்கு? வாழைமரம் கட்டவா?"

"கட்டுங்களேன். உங்களுக்கு உயரம் இருக்கு."

போயிற்று. அன்றைக்குப் பிடித்த சண்டை மறுநாளும் தீரவில்லை, அதற்கு மறுநாளும் தீரவில்லை. தவசி படம் போட்டு ஒரு ஃபிளக்ஸ் அடித்தார்கள். அவர் உருவம் ஃபிளக்ஸுக்குள் அடங்காமல் தும்பிக்கை அடுத்த மரத்துக்குப் போனது. அந்த மரம் மூக்கையாவின் மரம். உடனே மூக்கையா ஆட்கள் அதைவிடப் பெரிதாக ஒன்று அடித்தார்கள். 'தென்சரிவுப் புரட்சி' என்று ஒரு வாட்ஸப் குரூப் இருந்தது. அது உடைந்து, 'தென்சரிவு உண்மைப் புரட்சி' என்று இன்னொன்று வந்தது. இரண்டிலும் காலை வணக்கம் மட்டும் தவறாமல் வந்துகொண்டிருந்தது.

வடிவு யானையிடம் ஓடுவாள். "அண்ணே, தண்ணி கொதிக்குதுண்ணே, பிள்ளைங்க துவண்டு போச்சுங்க." தவசி சொல்வார்: "நான் ரெடி. அந்த எருமையைக் கேளு." எருமையிடம் ஓடுவாள். மூக்கையா சொல்வார்: "நானும் ரெடிதாம்மா. அந்த யானையை உக்காரச் சொல்லு." இப்படி அலைந்து அலைந்து அவளுக்குக் கால் தேய்ந்தது. எதிரி மேலே இருக்கிறான், இவர்கள் இரண்டு பேரும் நாற்காலிக்கு அடித்துக்கொள்கிறார்களே என்று வயிறெரிந்தாள்.

கடைசியில் பஞ்சாயத்துக்கு மைனா சொர்ணம் வந்தாள். தென்சரிவில் கல்யாணமோ காதுகுத்தோ, மைக் பிடிப்பது சொர்ணம்தான். மைக் இல்லாத நாளிலும் மைக் இருப்பது மாதிரியேதான் பேசுவாள்.

"ரெண்டு பேரும் பெரியவங்க. ஒருத்தருக்குக் கீழ ஒருத்தரு உக்காரமாட்டீங்க. அது நியாயம்தான். அப்ப ரெண்டு பேருக்கும் மேல ஒரு ஆளைத் தலைமைக்குக் கூப்பிட்டா? நீங்க ரெண்டு பேரும் முன்னிலை. பிரச்சினை தீந்துச்சு."

"யாருக்கும் குறைச்சல் இல்லாத யோசனை" என்றார் தவசி.

"எனக்கும் சம்மதம்" என்றார் மூக்கையா. "ஆனா எங்களுக்கு மேல யாரு இருக்கா?"

எல்லோரும் யோசித்தார்கள். யோசித்து யோசித்து, ஒருவர் பின் ஒருவராக வடக்கே திரும்பிப் பார்த்தார்கள்.

வடிவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஐயையோ, அவரை எதிர்த்துத்தானே கூட்டமே போடுறோம்!"

"எதிர்ப்பு வேற, மரியாதை வேற" என்று தவசி கண்டிப்பாகச் சொன்னார். "எதிர்க்கிறோம்கிறதுக்காக விழா நடத்துற முறையை விட்டுட முடியுமா?"

"வந்தவங்க என்ன நினைப்பாங்க?" என்றார் மூக்கையா. அன்றுதான் அவர்கள் இரண்டு பேரும் முதல்முறையாக ஒத்துப்போனார்கள்.

பொன்னாடை, எலுமிச்சம்பழம், நெல்லிக்காய்த் தட்டு சகிதம் தவசி, மூக்கையா, சொர்ணம் அடங்கிய அழைப்புக் குழு வடக்கே போனது. தட்டைப் பிடிக்க ஒரு பெண்பிள்ளை வேண்டும் என்று வடிவையும் இழுத்துக்கொண்டு போனார்கள். குகை வாசலில் செந்நாய்கள் மோந்து பார்த்து உள்ளே விட்டன. சிங்கம் அரைத்தூக்கத்தில் படுத்திருந்தது.

"என்ன விழா?"

"புரட்சி மாநாடுங்க, மகாராஜா" என்றார் தவசி, பவ்யமாக.

"யாரை எதிர்த்து?"

யானை எருமையைப் பார்த்தது. எருமை யானையைப் பார்த்தது. "தங்களைத்தானுங்க" என்றாள் சொர்ணம்.

வடிவு தட்டோடு தவசியின் காலுக்குப் பின்னால் ஒதுங்கினாள். இன்றைக்கு நம்மைக் கொன்றுவிடுவார்கள், பிள்ளைகள் அந்தக் குட்டையில் காத்துக்கொண்டே கிடக்கும் என்று நினைத்தாள்.

சிங்கம் எழுந்து உட்கார்ந்தது. "தென்சரிவுல இருந்து என்னை ஒரு விழாவுக்குக் கூப்பிட்டு எத்தனை காலம் ஆச்சு தெரியுமா? மறந்தே போயிட்டீங்கன்னு நினைச்சேன்." குரல் கொஞ்சம் தழுதழுத்தது. "ஃபிளக்ஸ்ல என் படம் எவ்வளவு பெரிசு?"

"எங்க ரெண்டு பேரையும் சேத்து வச்சாலும் அதைவிடப் பெரிசுங்க" என்றார் மூக்கையா.

"மைக் கொய்யுன்னு கத்தக் கூடாது. போன தடவை கிழக்கே ஒரு இடத்துல கத்திடுச்சு. ஆளை மாத்த வேண்டியதாப் போச்சு." மாற்றினார்களா, தின்றார்களா என்று யாரும் கேட்கவில்லை. "சரி, வர்றேன். ஆனா நான் வந்தா படையும் வரும். அவ்வளவு பேருக்கும் சாப்பாடு போட முடியுமா?"

"தாராளமாங்க!" என்றார்கள் தவசியும் மூக்கையாவும்.

வடிவுக்கு என்ன தோன்றியதோ, தட்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: "எல்லாருமே வருவாங்களா மகாராஜா? மேல அடைப்புக்குக் காவல் நிக்கிறவங்களும்?"

"எல்லாரும்தான்! எனக்கு எதிரா நடக்குற கூட்டம். அங்க எனக்குப் பாதுகாப்பு வேண்டாமா? என் உயிர் பெரிசா, நாலு கல்லு பெரிசா?"

"உங்க உயிருதாங்க பெரிசு" என்றாள் வடிவு, மனசார.

மாநாட்டு நாள் வந்தது. இடம் எது என்று கேளுங்கள். அவ்வளவு கூட்டம் உட்காரத் தட்டையான மணல் வேண்டும் அல்லவா? காய்ந்து கிடந்த ஓடையின் படுகையிலேயே மேடை போட்டுவிட்டார்கள். நடுவில் மகாராஜா, வலப்பக்கம் தவசி, இடப்பக்கம் மூக்கையா. மேடையைச் சுற்றி மூன்று வரிசை செந்நாய். மரத்துக்கு மரம் கூம்பு ஒலிபெருக்கி கட்டி, மலைமுகடு வரைக்கும் வயர் இழுத்திருந்தார்கள். குத்துவிளக்கைச் சிங்கம் ஏற்றியது. பிடரி பொசுங்கிவிடும் என்று ஒரு செந்நாய் பின்னால் நின்று பிடரியைப் பிடித்துக்கொண்டது.

நிகழ்ச்சி நிரலில் வடிவுக்கும் ஒரு வேலை கொடுத்திருந்தார்கள். நன்றியுரை. அதாவது கடைசி.

சொர்ணம் மைக்கைத் தட்டினாள். "அனைவருக்கும் வணக்கம். இந்த மாபெரும் புரட்சி மாநாட்டுக்குத் தலைமையேற்று, யாரை எதிர்த்து நாம் கூடியிருக்கிறோமோ அவரே நேரில் வந்து சிறப்பிக்கும் மாமன்னர் அவர்களே! முன்னிலை வகிக்கும் தென்சரிவின் தூண், அண்ணன் தவசி அவர்களே! அவருக்குச் சற்றும் குறையாத அண்ணன் மூக்கையா அவர்களே! படைத்தலைவர் அவர்களே! துணைப் படைத்தலைவர் அவர்களே!"

வடிவு கூட்டத்தைப் பார்த்தாள். பெயர் சொல்ல வேண்டியவர்கள் இன்னும் எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்த்தாள். ஒருவரை விட்டாலும் சொர்ணத்தை உயிரோடு விடமாட்டார்கள். போதும், நேரம் இருக்கிறது என்று முடிவு செய்தாள். குட்டிகள் இரண்டையும் கரையோர வேர்ப்பொந்தில், தண்ணீர் வந்தாலும் அடித்துக்கொண்டு போகாத இடமாகப் பார்த்து வைத்தாள். சத்தம் போடாமல் ஓடைப்படுகையைப் பிடித்து மேலே ஏறினாள்.

முகட்டில் ஈ காக்கை இல்லை. செந்நாய்கள் படுத்த தடம் மட்டும் இருந்தது. அடைப்பு அசையாமல் நின்றது. யானைக்கு அது ஒரு முட்டு. நீர்நாய்க்கு? பெரிய கல்லை அவளால் தொடக்கூட முடியாது. ஆனால் கற்களுக்கு இடையில் பூசியிருந்தது சேறு. அவள் பிறந்தது சேற்றில், வளர்ந்தது சேற்றில். அடியில் புகுந்து இரண்டு கையாலும் தோண்ட ஆரம்பித்தாள்.

ஒலிபெருக்கியில் சொர்ணத்தின் குரல் மேலே வரைக்கும் வந்தது. "கரடிகள் சங்கத் தலைவர் அவர்களே!" ஒரு பிடி சேறு. "செயலாளர் அவர்களே!" இன்னொரு பிடி. "பொருளாளர் அவர்களே! முன்னாள் பொருளாளர் அவர்களே!" ஒரு கூழாங்கல் பெயர்ந்து வந்தது. நகம் பிய்ந்து ரத்தம் கசிந்தது. வடிவு பல்லைக் கடித்துக்கொண்டாள்.

பிறகு பொன்னாடை போர்த்தினார்கள். தவசிக்குப் போர்த்தத் துணி பத்தாமல் நான்கு பொன்னாடைகளை ஒட்டுப்போட்டுப் போர்த்தினார்கள். அவருக்கு நான்கு, எனக்கு ஒன்றா என்று மூக்கையா இறங்கிப் போகப் பார்த்தார். அவரைச் சமாதானப்படுத்தும் நேரத்தில் வடிவு ஒரு முழக் குழி தோண்டிவிட்டாள்.

திடீரென்று சிங்கத்தின் குரல் கேட்டது. தலைவர் இதற்குள் பேச வந்துவிட்டாரா? அவர் பேசி முடித்தால் படை திரும்பிவிடுமே!

"நான் அதிகம் பேச விரும்பவில்லை" என்றது சிங்கம்.

அப்பாடா என்று மூச்சு விட்டாள் வடிவு. மேடையில் நின்று அப்படிச் சொன்னவர் யாரும் வெயில் சாய்வதற்குள் உட்கார்ந்ததில்லை.

சிங்கம் தன் பால்யத்தில் தொடங்கியது. கஷ்டப்பட்டு வேட்டை கற்றதைச் சொன்னது. புரட்சி எவ்வளவு அவசியம் என்று சொன்னது. தன்னை எதிர்ப்பவர்கள் இன்னும் கட்டுப்பாடாக எதிர்க்க வேண்டும், அதற்கு அரசாங்கமே பயிற்சி தரும் என்று அறிவித்தது. கூட்டம் கை தட்டியது. வடிவு தோண்டிக்கொண்டே இருந்தாள். குழி ஆழமானது, ஆனால் கல் அசையவில்லை. கை மரத்துப் போனது.

ஒருவழியாகச் சிங்கம் உட்கார்ந்தது. "நிறைவாக நன்றியுரை" என்றாள் சொர்ணம். "வடிவு அவர்களை அன்போடு அழைக்கிறேன். வடிவு! ஏ வடிவு! எங்கிருந்தாலும் மேடைக்கு வரவும்!"

வடிவு இன்னும் குழிக்குள்தான் இருந்தாள்.

"அந்த நீர்நாய் எங்கே?" என்று படைத்தலைவர் கேட்பது மைக்கில் கேட்டது.

அப்போது வடிவைக் காப்பாற்றியது எது தெரியுமா? நட்பு இல்லை, துணிச்சல் இல்லை. மேடையில் மைக் சும்மா இருந்தது, அதுதான். தவசிக்கு அது பொறுக்கவில்லை. "அந்தப் பொண்ணு வர்றதுக்குள்ள நான் ரெண்டு வார்த்தை சொல்லிடுறேன்" என்று எழுந்துவிட்டார். தவசி பேசிய பின் மூக்கையா பேசாமல் இருப்பாரா? அவர் ஒரு வார்த்தை கூடுதலாகப் பேச எழுந்தார். அதைக் கேட்டுத் தவசி மறுபடி எழுந்தார். இருவரும் மாறி மாறிச் சிங்கத்தின் பெருமையைப் பேசினார்கள்.

வடிவு உடம்பு முழுவதையும் குழிக்குள் கொடுத்து, முதுகால் நெம்பினாள். உள்ளே ஏதோ நெகிழ்ந்தது. முதலில் மூக்கு நனைந்தது. பிறகு ஒரு கல் புரண்டது. பிறகு தேசியத் தடாகம் மொத்தமும் அவளையும் தூக்கிக்கொண்டு கிளம்பியது.

கீழே மூக்கையா "மாமன்னர் வாழ்க" என்று சொல்லி முடிப்பதற்குள் தண்ணீர் வந்து சேர்ந்தது. குத்துவிளக்கு போயிற்று, ஜெனரேட்டர் போயிற்று, ஃபிளக்ஸ் படகு மாதிரி மிதந்து போயிற்று. செந்நாய்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறின. சிங்கம் பிடரியெல்லாம் முகத்தில் ஒட்டிக்கொள்ள, நனைந்த பூனையாக மேசைமேல் நின்றது. கடைசியாகச் சேறும் ரத்தமுமாக வடிவு வந்து மேடைக்கு முன்னால் ஒதுங்கினாள்.

சிங்கம் தண்ணீரைப் பார்த்தது, மேலே முகட்டைப் பார்த்தது, வடிவைப் பார்த்தது. அவள் கைகளில் நகம் இல்லாததையும் பார்த்தது. வடிவு கண்ணை மூடிக்கொண்டாள்.

பேச்சில்லாத மேடையைப் பார்த்துப் பழக்கமில்லாத சொர்ணம், கரண்ட் போன மைக்கை வாயருகே வைத்துக்கொண்டு கத்தினாள்: "மாமன்னர் அவர்களின் ஆணைக்கிணங்க, தென்சரிவுக்குத் தண்ணீர் திறந்துவிடப்பட்டது! கரவொலி!"

கரவொலி எழுந்தது. சிங்கம் ஒரு கணம் யோசித்தது. இல்லை என்று சொன்னால், தன் படை மொத்தமும் இங்கே உட்கார்ந்து சாப்பாட்டுக்குக் காத்திருந்தபோது ஒரு நீர்நாய் அரசாங்கத்தை உடைத்துவிட்டது என்று ஆகும். ஆமாம் என்று சொன்னால், ஒரு மாலை கூடக் கிடைக்கும்.

"ஆமா" என்றது சிங்கம். "எல்லாருக்கும் இன்ப அதிர்ச்சியா இருக்கட்டும்னுதான் முன்னாடியே சொல்லலை."

தவசி தும்பிக்கையைத் தூக்கி வாழ்த்தினார். மூக்கையா அழுதேவிட்டார். இவ்வளவு நல்ல மன்னரை எதிர்த்துப் புரட்சி எதற்கு என்று அந்த இடத்திலேயே தீர்மானம் போட்டுப் புரட்சியைக் கலைத்தார்கள். ஓடைக்குச் சிங்கத்தின் பெயரை வைத்தார்கள். அந்த வருஷம் தேன் ஒரு அடை கூடுதலாகவே போனது.

"எங்கடி போன?" என்று சொர்ணம் வடிவின் காதில் சீறினாள். "நன்றியுரைக்கு ஆள் இல்லாம மானம் போச்சு. ஏறு மேல!"

வடிவு ஏறினாள். கரையோர வேர்ப்பொந்தில் குட்டிகள் தண்ணீரை அடித்து அடித்து விளையாடுவது மேடையிலிருந்து தெரிந்தது.

"எங்களுக்காக அவ்வளவு நேரம் பேசின மாமன்னருக்கு நன்றி" என்றாள். "விட்டுக்கொடுக்காமப் பேசின ரெண்டு அண்ணன்மாருக்கும் நன்றி. வேலையை விட்டுட்டு, ஒருத்தர் பாக்கியில்லாம வந்து கடைசி வரைக்கும் உக்காந்திருந்த காவல்படைக்கு, எங்க குடும்பத்து சார்பா ரொம்ப ரொம்ப நன்றி."

செந்நாய்கள் கூச்சத்தோடு வாலாட்டின.

வெயில் காலம் திரும்பியதும் சிங்கத்துக்கு மறுபடி முகம் பார்க்கும் ஆசை வந்தது. அடைப்பு வந்தது, காவல் வந்தது, மடு சுருங்கியது. தென்சரிவில் மறுபடி கூட்டம் கூடியது. "இந்தத் தடவை விடக் கூடாது, நேராப் போயி மோதிட வேண்டியதுதான்" என்று தவசி கொதித்தார். "மாநாடே வேணாம், இப்பவே கிளம்புவோம்" என்று மூக்கையா கொம்பை ஆட்டினார். கூட்டம் எழுந்தே விட்டது.

வடிவு பதறிப்போய்க் குறுக்கே நின்றாள். "என்ன அண்ணே இது, முறையில்லாம! ரெண்டு பெரியவங்க இருக்கீங்க, யார் முன்னால போறது?"

தவசி மூக்கையாவைப் பார்த்தார். மூக்கையா தவசியைப் பார்த்தார். இருவரும் பழையபடி உட்கார்ந்தார்கள். பொன்னாடை வாங்கி வர வடிவே கிளம்பிப் போனாள்.

நீதி: அரசை எதிர்த்துப் புரட்சி செய்ய விரும்புவோர், தலைமை தாங்க அரசரையே அழைக்கவும். அவர் பேசி முடிப்பதற்குள் ஆக வேண்டியதை முடித்துவிட்டு, நன்றி சொல்ல மட்டும் மேடைக்கு வரவும்.